ஒட்டினால்தான் மூக்கிரட்டை

மருந்துச் சரக்கு வியாபாரத்தில் எங்கள் தூத்துக்குடிச் சீமையில் காசு பார்ப்பவர்கள் நிலாவாரைக்காரர்களும் நித்தியகல்யாணிக்காரர்களும்தான். மானாவாரியில் விதைத்து, இலையைக் காயவைத்து, மூடை கட்டித் துறைமுகத்துக்கு ஏற்றுவார்கள். தரச் சான்று, கப்பல், டாலர்க் கணக்கு என்று அவர்கள் பிழைப்பே வேறு. நான் யாரும் விதைக்காமல் தானாக முளைக்கிற சரக்குகளை வாங்கி விற்கிறவன். நெருஞ்சி முள், ஆவாரம்பூ, சிறுபீளை, கீழாநெல்லி, எல்லாவற்றுக்கும் மேலாக மூக்கிரட்டை வேர். பாஞ்சாலங்குறிச்சி, ஓட்டப்பிடாரம், கவர்னகிரி, பசுவந்தனைப் பக்கத்துப் பெண்கள் தோண்டிக் கொண்டுவருவார்கள். எடை போட்டு, கழிவு பார்த்து, காயவைத்து, நாட்டு மருந்துக் கடைகளுக்கும் மருந்து செய்கிற கம்பெனிகளுக்கும் அனுப்புவேன். சில்லறைக்கு ஒரு சின்னக் கடையும் உண்டு.

நெருஞ்சி முள்ளில் யாரும் ஏமாற்ற முடியாது, தொட்டாலே குத்திவிடும். ஆவாரம்பூவைச் சின்னப் பிள்ளை கூடச் சொல்லும். மூக்கிரட்டை அப்படியில்லை. அதன் சாயலில் தரையில் கிடக்கிற செடிகள் பல. அவற்றில் ஒன்று வயிற்றைக் கலக்கும், ஒன்று மருந்துக்கே ஆகாது. இடையில் புகுந்து நிற்கிற இன்னொன்று, பறிக்கிறவளின் தோலை உரித்துவிடும். இந்தத் தொழிலில் அறிவு என்று ஒன்று இருக்குமானால் அது பிரித்துப் பார்க்கிற அறிவுதான்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது அத்தை, என் அப்பாவின் அக்கா. எழுதப் படிக்கத் தெரியாது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்குப் போகிற வழியில், ஒரு பருத்திக் காட்டு வரப்பில் உட்காரவைத்து, ஒரு செடியைத் தூக்காமல், தரையில் கிடந்தபடியே பார்க்கச் சொன்னார். நடுவில் ஒரு தலை. அதிலிருந்து நாலா பக்கமும் தண்டுகள் தரையோடு படர்ந்து போகும். தண்டு செம்பு நிறம், கணுக்களில் கொஞ்சம் புடைத்திருக்கும். கணுவுக்கு இரண்டு இலை எதிரெதிராக, ஆனால் இரண்டும் ஒரே அளவில் இருக்காது, ஒன்று பெரிது, ஒன்று சிறிது. இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெளிறிக் கிடக்கும். பூ கடுகளவு, ரோஸும் ஊதாவும் கலந்த நிறம், கிளை பிரிந்த மெல்லிய காம்பின் நுனியில் கொத்துக் கொத்தாக இருக்கும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, இது எதையும் நம்பாதே என்றார் அத்தை. நம்ப வேண்டியது காயை. அரிசிமணியை விடச் சிறிய காய், தலை தடித்திருக்கும், நெடுக ஐந்து வரி ஓடும், மேலெல்லாம் பிசுபிசுக்கும். ஆட்டு மயிரில், கோழி இறகில், வேட்டிக் கரையில் ஏறிக்கொண்டு ஊர் ஊராகப் போவது அப்படித்தான். சுட்டுவிரலை மெல்ல வைத்து எடுத்தால் விரலோடு காய் வந்துவிடும்.

“காயத் தொட்டுப் பாரு மருமவனே. ஒட்டுச்சுன்னா மூக்கரட்ட. ஒட்டலன்னா, கொண்டாரவ சொந்தத் தங்கச்சியா இருந்தாலும் வாங்காத.”

பிற்பாடு எத்தனையோ புத்தகம் பார்த்துவிட்டேன். திருச்சி ராபினாட் தாவரக் காப்பகத்தை உருவாக்கிய கே. எம். மாத்யூ பாதிரியார் 1980களில் வெளியிட்ட தமிழ்நாட்டுச் சமவெளித் தாவரத் தொகுதிகளும் கல்லூரி நண்பர் ஒருவர் வழியாகக் கைக்கு வந்தன. இந்தச் செடியைப் பிரித்துக் காட்ட அறிஞர்களும் இலையை விட்டுவிட்டுக் காய்க்குத்தான் வருகிறார்கள். வரி எத்தனை, சுரப்பி உண்டா இல்லையா, தலை மொட்டையா கூம்பா என்பதுதான் அவர்கள் கேட்கிற கேள்வி. அத்தை லென்ஸ் இல்லாமல் கேட்டதும் அதேதான்.

மூக்கிரட்டை அந்திமந்தாரைக் குடும்பம். வாசலில் காகிதப்பூ என்று வளர்க்கிறோமே, அதுவும் இதன் உறவுதான், பார்த்தால் நம்ப முடியாது. 1753-ல் லின்னேயஸ் இதற்கு வைத்த பேர் போயர்ஹாவியா டிஃப்யூசா. ஹாலந்தின் லைடன் நகரத்தில் மருத்துவம் கற்பித்த ஹெர்மன் போயர்ஹாவே என்பவரின் நினைவாக வைத்தது. 1658-ல் போர்த்துகீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர்கள் முத்துக்கும் சங்குக்கும் துணிக்கும் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அவர்கள் காலடியில் கிடந்த களைக்கு அவர்கள் ஊர் வைத்தியர் பேர் அமைந்துபோனது. தற்செயல்தான், ஆனால் துறைமுகத்துப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

மூக்கிரட்டையோடு ஆளைக் குழப்புகிற முதல் செடி சாரணை. வேறு குடும்பம், ஆனால் அதே வரப்பு, அதே மழை, அதே தரைப் படர்ச்சி. சாரணையிலும் கணுவுக்கு ஒரு பெரிய இலை, ஒரு சின்ன இலை. புதிதாக வருகிற பெண்கள் அங்கேதான் தடுமாறுவார்கள். கிள்ளிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். சாரணைத் தண்டு சதைப்பற்று, நகம் பட்டால் நீர் விடும். பூவைத் தேடினால் இன்னும் தெளிவாகும். மூக்கிரட்டைப் பூ காம்பு நீட்டி வெளியே நிற்கும். சாரணைப் பூ ஒற்றையாக, காம்பே இல்லாமல், இலைக்காம்பின் அடி சவ்வாக விரிந்து பை போல் ஆன இடத்தில் பாதி புதைந்து உட்கார்ந்திருக்கும். காயும் அந்தப் பைக்குள்ளேதான். முற்றினால் மூடி தனியாகக் கழன்றுகொள்ளும், உள்ளே கறுப்பு விதைகள். கையில் ஒன்றும் ஒட்டாது.

சாரணை விஷச் செடி என்று ஒரேயடியாகச் சொன்னால் கிராமத்தில் சிரிப்பார்கள், ஏனென்றால் தளிரைக் கீரையாக ஆக்கிச் சாப்பிடுவதுண்டு. முற்றின இலைதான் ஆகாது, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். வேர் அதைவிடக் கடுமை. கடும் பேதி மருந்து அது, கருவைக் கலைக்கிற குணமும் உண்டு என்று மருந்துச் சரக்கு நூல்களில் எழுதியிருக்கிறார்கள். இப்போது யோசித்துப் பாருங்கள், மூக்கிரட்டை வேர் கேட்டு யார் வருகிறார்கள்? கால் வீங்கினவர்கள். அதில் மாசமாக இருக்கிற பெண்களும் உண்டு. மாமியாரோ அம்மாவோ வந்து, “பிள்ளைக்குக் கால்ல நீர் எறங்கிருக்கு அண்ணாச்சி, மூக்கரட்ட வேர் கொஞ்சம் குடுங்க” என்பார்கள். நான் எந்த வேரும் கொடுப்பதில்லை. மாசமாக இருப்பவளுக்குக் கால் வீங்கினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தக் கொதிப்பைப் பார்க்க வேண்டும், அன்றைக்கே பார்க்க வேண்டும். கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். போகட்டும்.

இதில் இன்னொரு சிக்கல் வடக்கே இருந்து வரும். ஆயுர்வேதக்காரர்கள் இரண்டு புனர்நவா வைத்திருக்கிறார்கள், சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. சிவப்பு என்றால் நம் மூக்கிரட்டை, வெள்ளை என்று பல இடங்களில் கைமாறுவது சாரணை. வாங்குகிறவர் கடிதத்தில் ‘புனர்நவா வேர், இத்தனை மூடை’ என்று மட்டும் எழுதினால் நான் சரக்கு ஏற்றமாட்டேன். போன் போட்டு, செடியின் லத்தீன் பேரைச் சொல்லுங்கள் என்பேன். சில பேருக்கு அது திமிராகத் தெரியும். எது வேண்டும் என்று வாங்குகிறவருக்கே தெரியாதபோது நான் என்னத்தை அனுப்புவது?

இரண்டாவது குழப்பம் மூக்கிரட்டையின் சொந்த இனத்திலிருந்து வருகிறது. போயர்ஹாவியா எரெக்டா, அமெரிக்காவின் வெப்பப் பகுதியிலிருந்து வந்து உலகமெல்லாம் பரவின செடி. நாங்கள் எங்களுக்குள் ‘நெட்டை’ என்போம். ரயில் தண்டவாள ஓரம், குறுக்குச்சாலைப் பக்கம் நாலுவழிச் சாலையின் கரை, கட்டடம் கட்டப் போட்ட சரளைமேடு, இப்படிப் புரட்டிப்போட்ட மண்ணில் முதலில் முளைப்பது அதுதான். படராமல் நிமிர்ந்து எழும். பூ வெள்ளை, இல்லாவிட்டால் வெளிறின ரோஸ். காயிலும் ஐந்து வரி உண்டு, ஆனால் தலை வெட்டினாற்போல் தட்டை, ஒட்டவே ஒட்டாது. இது ஆளைக் கொல்கிற செடியல்ல. ஆனால் மருந்து நூல் சொல்கிற வேர் இதுவல்ல. எடை நிற்கிறதே என்று நெட்டையை மூடையில் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் தொழிலில் கலப்படம் பெரும்பாலும் இப்படித்தான். கல்லையோ மண்ணையோ போடுவதில்லை, சொந்தக்காரச் செடியைப் போடுவார்கள்.

காய்ந்த வேரைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்பார்கள். ஓரளவு முடியும். மூக்கிரட்டை பல ஆண்டு வாழ்கிற செடி, கோடையில் மேலே ஒன்றும் இல்லாமல் வேர் மட்டும் உள்ளே கிடந்து, மழை கண்டதும் தளிர்விடும். அதனால் வேர் தடித்திருக்கும். நடு பருத்து, நுனி சிறுத்து, கொஞ்சம் முறுக்கிக்கொண்டு, காய்ந்தால் நீளவாக்கில் சுருக்கம் விழுந்து, மங்கின மஞ்சளும் பழுப்புமாக இருக்கும். மணம் கிடையாது, நாக்கில் லேசான கசப்பு. குறுக்கே வெட்டினால் வளையம் வளையமாகத் தெரியும். வளையத்தைப் பார்த்ததும் மூக்கிரட்டை என்று முடிவு கட்டுகிற வியாபாரிகள் உண்டு. அது தப்பு, சாரணை வேரிலும் வளையம் உண்டு. சாரணை ஓராண்டுச் செடி என்பதால் வேர் மெலிந்து வெளிறி இருக்கும், அவ்வளவுதான். வளராத மூக்கிரட்டையின் மெல்லிய வேரையும் கொழுத்த சாரணையின் வேரையும் காய்ந்த பிறகு பக்கத்தில் வைத்தால் எனக்கே யோசனை வரும்.

அதனால் என்னிடம் வருகிற பெண்களுக்கு ஒரே சட்டம், தலையோடு கொண்டுவா. வேரை மட்டும் வெட்டி எடுத்து வந்தால் விலை குறைவு. ஒரு சாண் தண்டும், அதில் நாலு காயும் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். களத்தில் தட்டி, விரல் வைத்துப் பார்த்து, பிறகு நாங்களே தண்டை நறுக்கிப் போடுவோம். தை, மாசிதான் தோண்ட நல்ல காலம். கரிசல் அப்போது ஈரம் விட்டும் விடாமலும் இருக்கும். பங்குனிக்கு மேல் வெடித்து இறுகிவிட்டால் கடப்பாரைதான் போட வேண்டும், வேர் பாதியில் ஒடியும். ஐப்பசி, கார்த்திகையில் இறங்கினால் காலில் ஏறுகிற மண்ணே வேரை விட எடை அதிகம்.

இனி பார்த்தீனியம். இதற்கும் மூக்கிரட்டைக்கும் உறவு எதுவும் இல்லை. இது சூரியகாந்திக் குடும்பம், மெக்சிகோப் பக்கத்துச் செடி. 1955-ல் புனேயில் கண்டு, மறு ஆண்டு அறிஞர்கள் எழுதிவைத்தார்கள். அமெரிக்கக் கோதுமையோடு கலந்து வந்தது என்பது பரவலான கருத்து. காங்கிரஸ் புல் என்று பட்டப்பேர் வைத்தார்கள், கேரட் இலை மாதிரி இருப்பதால் கேரட் புல் என்றும் சொல்வார்கள். ஒரு செடி 15,000-லிருந்து 25,000 விதை வரை போடும். முதலில் தரையோடு வட்டமாக இலை பரப்பும். அந்தப் பருவத்தில் மூக்கிரட்டைக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். பிறகு நெஞ்சுயரம் எழுந்து, நுனியெல்லாம் சின்ன வெள்ளைப் பூவாக நிற்கும்.

என்னிடம் வெகுகாலம் வேர் தோண்டின ஒரு அக்காவுக்கு முதலில் கழுத்தில் அரிப்பு. பிறகு முழங்கை மடிப்பில், பிறகு கண் இமையில். வேர்க்குரு என்று பவுடர் போட்டார்கள். சேர்மானம் சேராத சாப்பாடு என்று கத்தரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்தினார்கள். காட்டு வேலை இல்லாத நாளில் குறையும், போனால் ஏறும். வெயில் பட்டால் இன்னும் எரியும். ஒரு மழைக்காலம் கழித்துப் பார்த்தபோது கழுத்துத் தோல் கறுத்துத் தடித்து, வரி வரியாகக் கிடந்தது. தோல் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, “பார்த்தீனியத்துல வேலை பாக்கீங்களாம்மா?” என்பதுதான். செடியில் பார்த்தீனின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அது இலை மயிரிலும் காய்ந்த தூசியிலும் ஏறிப் பறக்கும், தொடவே வேண்டாம், காற்று வந்தால் போதும். இது ஒவ்வாமை. முதல் நாளே வராது, உடம்பு அதைப் பழகி, வெறுத்து, பிறகு காட்டும். சிலருக்குக் கடைசி வரை வராது, வந்தவர்களுக்கு லேசில் போகாது. மகரந்தத்தால் மூச்சிரைப்பு வருகிறவர்களும் உண்டு. மாடு தின்றால் பால் கசக்கும்.

அந்த அக்கா தோண்டுவதை விட்டுவிட்டு இப்போது களத்தில் வேர் காயவைக்கிற வேலை பார்க்கிறார். மற்றவர்களுக்கு ஏற்பாடு மாறியது. எங்கள் பக்கத்துப் பெண்கள் காட்டு வேலைக்குச் சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வது வழக்கம்தான். அதோடு கையுறையும் கழுத்தைச் சுற்றி ஒரு துண்டும் சேர்ந்தன. வேலை முடிந்ததும் அந்தச் சட்டையை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியாக அலச வேண்டும். பார்த்தீனியம் பூத்து நிற்கிற காட்டில் அந்தப் பருவத்துக்கு வேரே எடுப்பதில்லை. சரக்கு நட்டம்தான். எடுத்துவந்தால் இலைத் தூள் மூடையில் ஏறி, கடைசியில் கஷாயம் காய்ச்சுகிறவர் வீட்டு அடுப்படி வரை போகும்.

அழிக்க வழி கேட்டால் விவசாயப் பல்கலைக்கழகத்தார் சொல்வது, பூக்கும் முன் வேரோடு பிடுங்கு, வெற்றிடத்தில் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சாப்பாட்டு உப்பைக் கரைத்து, கொஞ்சம் சோப்புத் திரவம் சேர்த்து, செடி நனைய அடி. 1984-ல் பெங்களூருவில் மெக்சிகோவிலிருந்து தருவித்த ஒரு வண்டையும் விட்டார்கள். இலையைத் தின்னும், ஆனால் மழைக்காலத்தில்தான் வேகம் காட்டும். உப்புக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை, தூத்துக்குடி உப்பளம் கூப்பிடு தூரம். ஆனாலும் விதைக்கிற காட்டில் உப்பை அடிக்க எங்கள் ஆட்கள் மனசு கேட்காது. அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1799-ல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட பிறகும் அடங்காமல், அவர் தம்பி ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடி எழுப்பினார். 1801-ல் அதைப் பிடித்த கும்பினிக்காரர்கள் தரைமட்டமாக்கி, உழுது, இனி யாரும் குடியேறக் கூடாதென்று ஆமணக்கும் உப்பும் விதைத்தார்கள் என்று எழுதப்பட்டிருக்கிறது. இன்று சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கிற கோட்டை 1974-ல் அரசு கட்டின நினைவுக் கோட்டை. அதன் மதிலோரம் மழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள், மூக்கிரட்டை, சாரணை, பார்த்தீனியம் மூன்றும் கைகோத்துக் கிடக்கும். சாலையோரத்துக்கு உப்புத் தண்ணீர் சரி, விதைக்கிற நிலத்துக்கு நான் கைக்களையைத்தான் சொல்வேன்.

ஒருநாள் கடைக்கு ஒரு தம்பி செல்போனை நீட்டிக்கொண்டு வந்தான். “அண்ணாச்சி, நீங்க குடுத்த வேருக்கு இங்கிலீஷ்ல ஹாக்வீட்னு போட்டிருக்கு. அதத் தொட்டா தோலு வெந்து, கொப்புளம் போட்டு, ஆஸ்பத்திரியில படுத்துக் கிடக்கான் பாருங்க” என்றான். படத்தில் ஒரு வெள்ளைக்காரப் பையனின் கை, பார்க்கவே முடியவில்லை. அந்தச் செடி வேறு. மூக்கிரட்டையை ஆங்கிலப் புத்தகங்கள் அப்படி எழுதுவது உண்மைதான், ஆனால் ஐரோப்பாவில் அந்தப் பேருக்கு உரியது கொத்தமல்லி, சீரகம், பெருங்காயத்தின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடி. அங்கே நாட்டுச் செடி ஒன்று உண்டு, ஆள் உயரத்துக்கு வளரும், அதன் குருத்தைச் சமைத்தும் சாப்பிட்டிருக்கிறார்கள். ரஷ்யா, உக்ரைன் பக்கத்து போர்ஷ்ச் சூப் முதலில் அந்தக் குருத்தில் காய்ச்சினதுதான். அதன் ராட்சதச் சொந்தக்காரன் காகசஸ் மலையிலிருந்து வந்தவன். 1817-ல் லண்டன் கியூ தோட்டத்து விதைப் பட்டியலில் இருக்கிறான். அழகுக்காகத் தோட்டங்களில் வைத்தார்கள், ஆற்றங்கரை வழியாகத் தப்பிப்போனான். மூன்று முதல் ஐந்து மீட்டர் உயரம், ஒரு மீட்டருக்கு மேல் அகலமான இலை, ஊதாத் திட்டும் சுனை மயிரும் கொண்ட தடித்த தண்டு, உச்சியில் குடை விரித்தாற்போல் வெள்ளைப் பூ. சோவியத் நாட்டில் இதன் இன்னொரு சொந்தக்காரனை 1947 முதல் மாட்டுத் தீவனத்துக்கென்று அரசே பயிரிட்டு, இன்று ஊர் ஊராக வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். சீமைக் கருவேலத்தோடு மல்லுக்கட்டுகிற நமக்கு அந்தக் கதை புரியும்.

அந்த ராட்சதச் செடியின் சாறு தோலில் பட்டால் உடனே ஒன்றும் தெரியாது. வெயில் பட்ட பிறகு, ஒன்றிரண்டு நாளில் சிவந்து கொப்புளம் போடும், ஆறினாலும் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். இது ஒவ்வாமையல்ல, அதனால் பழக்கம் வேண்டாம், முதல் தடவையே யாருக்கும் வரும். சாறு பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி, வெயில் படாமல் மூடிக்கொள்வதுதான் முதலுதவி. அந்த ராட்சதன் நம் சமவெளியில் இல்லை. நீலகிரி, பழனி மலைகளில் அந்தப் பேரினத்தின் நம் நாட்டுச் செடிகள் உண்டு, அவை வேறு.

அந்தத் தம்பியிடம் இத்தனையும் சொல்லிவிட்டு, கடை அலமாரியிலிருந்து ஒரு ஜாடியை எடுத்துக் காட்டினேன். கார்போக அரிசி. கறுப்பாக, சின்னதாக, சிறுநீரக வடிவில் விதை. வெண்புள்ளிக்கு அரைத்துப் பூசி வெயில் காட்டச் சொல்கிற பழைய மருந்து. இதில் இருக்கிற சோராலென் என்ற பொருளும் ராட்சதச் செடியின் சாற்றில் தோலைச் சுடுகிற பொருளும் ஒரே வகை. வெயிலோடு சேர்ந்தால்தான் வேலை செய்யும், அளவோடு என்றால் நிறம் தரும், மிஞ்சினால் கொப்புளம். இன்றைய தோல் மருத்துவமும் சோராலென் கொடுத்துப் புறஊதா ஒளி காட்டுகிறது, ஆனால் நிமிடக் கணக்குப் பார்த்து. வீடியோவைப் பார்த்துவிட்டுக் கார்போக அரிசியைக் கெட்டியாகப் பூசி, மொட்டைமாடியில் நடுப்பகல் வெயிலில் உட்கார்ந்து, கன்னமெல்லாம் வெந்து வந்தவரை நான் பார்த்திருக்கிறேன். அதிலிருந்து வைத்தியர் சீட்டு இல்லாமல் அந்த ஜாடியைத் திறப்பதில்லை.

வீடியோ வந்த பிறகு மூக்கிரட்டைக்கும் கிராக்கி. ‘டயாலிசிஸ் வேண்டாம், இந்த வேர் போதும்’ என்று யாரோ பேச, மறுநாள் கடை வாசலில் ஆள் நிற்கிறது. மூக்கிரட்டை நீரைப் பிரிக்கும், வீக்கத்தைக் குறைக்கும், சித்த வைத்தியர்கள் காலங்காலமாகக் கொடுக்கிறார்கள், அதெல்லாம் சரி. ஆனால் அதில் பொட்டாசியம் உப்பு மிகுதி. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவருக்குப் பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுபோகும். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர் என்று தெரிந்தால் நான் கொடுப்பதில்லை, டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள் என்பேன்.

அவர்கள் எல்லோரும் கேட்பது பொடி. இடிக்க வேண்டாம், காய்ச்ச வேண்டாம், ஸ்பூனில் எடுத்து வெந்நீரில் போட்டால் முடிந்தது. மெஷினில் அரைத்து, டப்பாவில் போட்டு, படம் ஒட்டி விற்றால் வேரை விட நாலு மடங்கு விலை கிடைக்கும் என்று என் மகனே சொல்கிறான். எனக்கு ஒப்பவில்லை. பொடியில் காய் இல்லை, கணு இல்லை, இலையின் அடிப்பக்கம் இல்லை. மூக்கிரட்டையா, சாரணையா, நெட்டையா, மூன்றும் கலந்ததா என்பதை மைக்ராஸ்கோப்பும் சோதனைச் சாலையும் வைத்திருப்பவர்தான் சொல்ல முடியும். கம்பெனிகளுக்கு அந்த வசதி உண்டு, அவர்கள் ஒவ்வொரு மூடையிலும் மாதிரி எடுக்கிறார்கள். தெருமுனைக் கடையில் கண்ணாடிப் பாட்டிலிலிருந்து கரண்டியால் எடுத்து மடித்துத் தருகிற பொடிக்கு யார் மாதிரி எடுத்தார்கள்?

ஆகவே நாட்டு மருந்துக் கடையில் மூக்கிரட்டை கேட்டால் முழு வேராகக் கேளுங்கள், பொடி வேண்டாம். வேரோடு கொஞ்சம் தண்டும் காயும் இருந்தால் இன்னும் நல்லது. நீங்களே வரப்பில் பறிப்பதானால் முதலில் பக்கத்தில் பார்த்தீனியம் நிற்கிறதா என்று பாருங்கள், நின்றால் வேறு வரப்புக்குப் போங்கள். நிற்காவிட்டால் குனிந்து, காயைத் தொட்டு, அது விரலில் ஒட்டினால் மட்டும் தோண்டுங்கள்.